எட்டாவது நாரை

என்னிடம் இருக்கும் ஜப்பானியப் பெட்டியின் உயரம் எட்டரை சென்டிமீட்டர், அகலம் ஆறு, கனம் இரண்டரை. ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் தட்டுகள் நான்கு. மேலே ஒரு மூடி. இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை கயிறு ஓடுவதற்கான துளைகள், பக்கத்துக்கு ஒன்று. விரிசல்கள் மூன்று. விரிசல்களைத் தவிர மற்ற எல்லாம் ஜப்பானில் செய்தவை. விரிசல்கள் பம்பாய் மாட்டுங்காவில், என் வீட்டில், நான் செய்தவை.

இதற்கு இன்ரோ என்று பெயர். ஜப்பானியர்களின் பழைய உடையில் பை கிடையாது என்பதால், மருந்தும் முத்திரையும் வைத்துக்கொள்ள இடுப்புக் கச்சையில் இதைத் தொங்கவிட்டார்கள். பெட்டியின் கயிறு ஒரு மணியில் நுழைந்து, கச்சைக்கு மேலே ஒரு சிறு பொம்மையில் முடியும். கயிறு நழுவாமல் அந்தப் பொம்மைதான் பிடித்துக்கொள்ளும். பெட்டி, மணி, பொம்மை மூன்றும் ஒன்றுக்கொன்று பார்த்துப் பொருத்தியவை. சேகரிப்பவர்கள் மூன்றையும் சேர்த்தேதான் மதிப்பார்கள். பிரிந்து போனால் பெட்டி வெறும் பெட்டி.

எங்களுடையது பிரிந்துதான் இருந்தது. பிரித்ததும் நாங்களே.

நான் வேலை பார்த்தது கோட்டைப் பகுதியில் ஒரு ஜப்பானியக் கம்பெனியின் கிளையில். துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை. அடுத்த மேஜைக்காரர் டைப்பிஸ்ட். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், செம்பூரில் குடியிருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். அதை வைத்து அவர் ஒரு நாளும் மரியாதை கொடுத்ததில்லை. அங்கே சேர்ந்து வேலை பார்த்த இருபத்தாறு வருடமும் நாங்கள் ஒருவரை ஒருவர் ஓய், வே என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

ஜப்பானிய மேலாளர் ஊருக்குத் திரும்பிய அன்று எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்து, இந்தப் பெட்டியை மேஜையில் வைத்தார். மூடியைக் கழற்றினார். திரும்ப வைத்துக் கையை எடுத்துவிட்டார். மூடி உடனே உட்காரவில்லை. உள்ளே அகப்பட்ட காற்று மெல்ல வெளியேற வெளியேற, யாரும் தொடாமல் தானாக இறங்கியது. நான் என்னை அறியாமல் எண்ணினேன். ஐந்து. ஐந்தாவது எண்ணில் மூடிக்கும் தட்டுக்கும் நடுவே கோடு இருந்த இடமே தெரியவில்லை.

"இது உங்கள் இருவருக்கும்" என்றார் மேலாளர். பெட்டி ஒன்றுதான்.

வெளியே வந்து என் மேஜையில் வைத்துப் பார்த்தோம். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. டைப் அடித்துப் பழகிய விரல்களால் கயிற்று முடிச்சை அவிழ்த்துப் பொம்மையைத் தனியே எடுத்தார். சுருண்டு படுத்திருக்கும் எலி. பாக்கு அளவு. மரத்தில் செதுக்கிச் செந்நிறப் பூச்சு கொடுத்தது.

"பெட்டியை நீரே வச்சிக்கிடும். எண்ணுறதுக்கு அதுல நெறைய இருக்கு" என்றார். "உம்ம பிள்ளையாரோட வண்டியை நான் கொண்டு போறேன். அவரு நடந்து போகட்டும்."

அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டோம். அன்று அது நியாயமாகத்தான் பட்டது.

எண்ணுவதற்கு உண்மையிலேயே நிறைய இருந்தது. கறுப்புத் தளத்தில் பொன் நாணல்கள் பத்தொன்பது. நாணலுக்குள் நாரைகள். அவை வரைந்தவை அல்ல. ஒரு மரத்தின் பாலை அடியில் இருப்பது தெரியும் அளவுக்கு மெலிதாகப் பூசி, உலரவிட்டு, கரியால் தேய்த்து, மறுபடி பூசி, இப்படி எத்தனையோ தடவை செய்து, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பொன்தூளைக் குழலில் வைத்துத் தட்டித் தட்டித் தூவுவார்கள். தூள் அடர்த்தியாக விழுந்த இடம் நாரையின் முதுகு. அரிதாக விழுந்த இடம் பனிமூட்டம். தட்டுகளின் உட்புறம்கூட, யாரும் பார்க்காத இடம், பொன்துகள் பதித்து மினுங்கியது. நான்கு தட்டையும் அடுக்கினால் ஒரு நாரையின் கழுத்து இரண்டு தட்டுகளைத் தாண்டிப் போகும். தாண்டும் இடத்தில் மயிரிழை விலகல் கிடையாது.

நாரைகள் ஏழு. என் கணக்கு இது. அவர் கணக்கு எட்டு.

"பின்பக்கம், கீழ்த்தட்டு. அந்தப் பனிக்குள்ள ஒண்ணு நிக்கு. கழுத்து மட்டும் தெரியுது பாரும்."

"அது பனி ஓய். தூள் கொஞ்சம் கூட விழுந்திருக்கு."

"அம்பது லேயர் பூசினவனுக்குக் கைதவறிக் கூட விழுமாக்கும்? ஒமக்குத் துறைமுகத்துல பெட்டி எண்ணித்தான் பழக்கம். பறவை எண்ணத் தெரியாது."

மேலாளருக்கு எழுதிக் கேட்கலாம் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "கேட்டா பதில் வந்துரும்வே. அப்புறம் நாம என்னத்தைப் பேச?"

ஓய்வு பெற்ற பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமையும், அவர் மாட்டுங்காவுக்கு வருவார். கையில் கேக் இருக்கும். முட்டை போடாத கேக், எனக்கென்று சொல்லிச் செய்தது. என் மனைவி காப்பி வைத்துவிட்டுக் கையில் ஈரம் இல்லாமல் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அது என் சட்டம். நான் பெட்டியை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்துவருவேன். மூடியைக் கழற்றி வைப்பேன். இருவரும் ஐந்து எண்ணுவோம். பிறகு ஏழா எட்டா என்று காப்பி ஆறும்வரை சண்டை.

அவர் எலியைப் பீரோ சாவியில் கோத்து வைத்திருந்தார். வேட்டி மடிப்பில், சட்டைப் பையில், மீன் வாங்கப் போகும் பையில், எங்கும் அது அவரோடு போகும். எனக்குப் பார்க்கவே பதறும். "தேய்ந்து போகும் ஓய்" என்பேன். அது தேயவில்லை. வருடாவருடம் அதன் முதுகில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

பம்பாய் மழையில் எங்கள் வீட்டில் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். தோல் செருப்பு, புகைப்பட ஆல்பம், என் பழைய கேமராவின் கண்ணாடி. கேமரா வைத்திருக்கும் வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். எஃகு அலமாரியின் ஒரு தட்டில் ஜீரோ வாட் பல்பு எரியவிட்டு, மாத்திரைப் புட்டிகளில் வரும், ஈரம் உறிஞ்சும் வெள்ளைப் பொட்டலங்களைப் போட்டு, கேமராவை உள்ளே வைப்பது. மாடி வீட்டுக்காரரின் வயலின் ஒரு மழைக்காலத்தில் ஒட்டு விட்டுப் பிளந்ததைப் பார்த்தபின் எனக்குப் பெட்டியைப் பற்றிப் பயம் வந்தது. அதையும் பல்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பொட்டலங்கள் பன்னிரண்டு. போதாதோ என்று ஒரு டப்பாவில் வறுத்த அரிசி.

"ஏன்னா, அதுக்கு ஒரு பாயும் தலகாணியும் போட்டு, காத்தால எழுப்பிக் காப்பியும் குடுத்துடுங்கோளேன்" என்றாள் மனைவி. "எனக்கு இருமல் வந்தப்போ ஒரு பல்பு போட ஆளக் காணோம்."

இரண்டு மழைக்காலம் அது அங்கே இருந்தது. நடுவே கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் அவர் வரவில்லை, மகளுக்குப் பிரசவம். ஆகவே யாரும் திறக்கவில்லை. இரண்டாவது வருடம் மழை நின்றபின் ஒரு நாள் காலை வெளியே எடுத்தேன். பின்பக்கம் மூன்று கோடுகள். முதலில் தலைமயிர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஊதினேன். பிறகு துணியில் சில துகள்கள் கிடப்பதைப் பார்த்தேன். பதினோரு துகள்கள். பெரியது கடுகைவிடச் சற்றுப் பெரிது. மூடியைக் கழற்றி வைத்தேன். டக்கென்று விழுந்தது. எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை.

தாராவியில் ஒரு பட்டறைக்காரரைப் பற்றிச் சொன்னார்கள். காயல்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம், அத்தர் புட்டிகளுக்கு மரப்பெட்டி செய்து வளைகுடாவுக்கு அனுப்புகிறவர். ரயில்வே பாலத்திலிருந்து முந்நூற்றுப் பத்துத் தப்படி நடந்து, அவரிடம் பெட்டியைக் கொடுத்தேன். தொடுவதற்கு முன் அவர் கையைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வச்சிருந்திய அண்ணாச்சி இதை?"

சொன்னேன். பல்பு, பொட்டலம், அரிசி.

"கருவாடா காயப்போட்டிய?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "உள்ள இருக்கது காயிதம் மாதிரி மரம். நீங்க போட்ட சூட்டுல அது சுருங்கிட்டு. மேல பூசினது சுருங்கல. அப்ப வெடிக்கத்தானே செய்யும்" என்றார்.

ஒட்டித் தர முடியுமா என்று கேட்டேன்.

"ஒட்டலாம். வார்னிஷ் போட்டுப் பளபளன்னும் ஆக்கலாம். அப்புறம் அது நான் செஞ்ச பெட்டி ஆயிரும். வேணாம், கொண்டு போங்க." ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் அட்டை போன ஒரு ஆங்கிலப் புத்தகம் அதற்குப் பிறகுதான் அகப்பட்டது. அதில் இருந்தது இது: அந்த மரப்பால் வெயிலில் உலராது. ஈரக்காற்றில்தான் இறுகும். ஜப்பானியர்கள் அதை உலர்த்துவதற்கென்றே உட்புறம் தண்ணீர் தெளித்த அலமாரி வைத்திருக்கிறார்கள். செய்து முடித்த பிறகும் அதற்கு மிதமான ஈரம் வேண்டும். அவ்வப்போது மனிதர் கைபடுவது நல்லது. அதாவது, பம்பாயில் ஒரு சாதாரண வீட்டில், மேஜைமேல், ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் அது என்னையும் தாண்டி இருந்திருக்கும். அந்தப் பக்கத்தை நான்கு தடவை படித்தேன்.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எலியை மீன் பையில் போட்டுத் திரிந்தவருடையது மெருகேறி இருக்க, கையைத் துடைக்கச் சொன்னவன் பெட்டியைப் பிளந்துவிட்டேன் என்று அவர் முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு, பூச்சி மருந்து அடிக்கிறார்கள், எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறேன் என்றேன். பொங்கலுக்கு, தம்பி மகன் பார்க்க வாங்கிப் போயிருக்கிறான் என்றேன். இப்படி நான் சொன்ன பொய்கள் ஒன்பது.

ஒன்பதாவதைத்தான் மறக்க முடியவில்லை. அவருக்குக் கண்ணில் பிரஷர் என்று முன்பே தெரியும். ஒரு கண் போய்விட்டது, மற்றதும் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது என்பது எனக்குத் தெரியாது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். படியேறும்போது சுவரைத் தடவிக்கொண்டே வந்தார்.

"இன்னைக்கு முடிச்சிருவோம்வே" என்றார். "நேரா பாத்தா இன்னும் தெரியுது. டாக்டர் எத்தனை நாளுன்னு சொல்ல மாட்டேங்காரு. பெட்டியை எடும். நான் எட்டாவதைக் காட்டுதேன்."

பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில், ஆறடி தூரத்தில் இருந்தது.

"பேங்க் பெட்டகத்துல வெச்சுட்டேன் ஓய். இன்னிக்குப் போக முடியாது" என்றேன்.

அவர் காப்பி குடித்தார். பிறகு சாவியிலிருந்து எலியை அவிழ்க்கத் தொடங்கினார். "இதை வச்சிக்கிடும். பெட்டி வந்ததும் கட்டிப் பாரும். எனக்கு இனி இது எதுக்கு."

வாங்கினால் அடுத்த முறை கட்டியதைக் காட்ட வேண்டி வரும். "உம்மகிட்டயே இருக்கட்டும்" என்று அவர் விரல்களை மூடி, எலியை உள்ளே தள்ளினேன். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டார். ஒரு பொருளைக் கொடுத்து மறுக்கப்பட்டவர் எழுந்து போவதுபோல எழுந்து போனார். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பின் அவர் வருவது நின்றது. ஐரோலியில் மகள் வீட்டோடு போய்விட்டார் என்று தெரிந்தது. போன மாதம் அந்தப் பெண் போன் செய்தாள். "அங்கிள், டாடிக்கு இப்போ பில்குல் ஒண்ணுமே தெரியல. அந்த பாக்ஸ் பத்திதான் சொல்லிட்டே இருக்காங்க. ஒரு தடவ கொண்டாங்களேன். தொட்டாவது பாக்கட்டும்."

"எடுத்துண்டு போங்கோ" என்றாள் மனைவி. "கண்ணு தெரியாதவர்ட்டயாவது காட்டலாமோல்லியோ?"

எண்பத்தொரு வயதில் என்னைச் சரியாக அளந்த வாக்கியம் அது. பெட்டியையும் அதன் கயிற்றையும் மணியையும் ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, துகள்கள் இருந்த காகிதப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாணேயில் வண்டி மாறி ஐரோலி போனேன். இப்போது ஈரத்துணி சுற்றுகிறேன் என்று வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மெலிந்திருந்தார். என் காலடிச் சத்தத்தைக் கேட்டதுமே, "எத்தனை படிவே?" என்றார்.

"லிஃப்ட்ல வந்தேன் ஓய்."

"அந்த ஜன்னலுக்கு வெளிய கழிமுகம். ஆயிரக்கணக்குல பூநாரை வந்து நிக்குதாம், மக சொல்லுதா. எண்ணப் போயிராதீரு. ராத்திரி ஆயிரும்."

பெட்டியை அவர் கையில் வைத்தேன். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தாணேயில் தீர்மானித்திருந்தேன். அதற்குள் அவர் மூடியைக் கழற்றிவிட்டார். திரும்ப வைத்துக் கையை எடுத்தார். எண்ணத் தயாராக வாயைத் திறந்தார். மூடி டக்கென்று விழுந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டார். விரலால் பின்பக்கத்தைத் தடவினார். கோடுகளைத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதன் அடியில் விரல் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, பன்னிரண்டு பொட்டலம், அரிசி, தாராவி, புத்தகம். பெட்டகம் என்று ஒன்று எனக்கு எந்த பேங்கிலும் கிடையாது என்பதையும் சொன்னேன்.

"அன்னைக்கு நான் வந்தப்ப எங்க இருந்தது?"

"உம்ம பின்னாடி. அலமாரியில."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வெடிச்சிருந்தாலும் பாத்திருப்பேன்லாவே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதை எடுத்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு பெட்டியை என்னிடம் நீட்டி, "சரி, இந்தக் கோடு போற எடத்துலதான் அது நின்னுது. கீழ்த்தட்டு. பாத்துச் சொல்லும். எத்தனை?"

கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பனிமூட்டம் இருந்த இடத்தில் பூச்சு பெயர்ந்து, மொச்சைக்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் வெற்றிடம். பொட்டலத்தைப் பிரித்துத் துகள்களைப் பார்த்தேன். பதினொன்றிலும் பொன்தூள் இருந்தது. அது பனியா, கழுத்தா என்று சொல்லவே முடியாது. முப்பது வருடமாக ஏழு என்றவன் அந்த இடத்தை ஒரு தடவையாவது உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேனா என்று யோசித்தேன். பார்க்கவில்லை. எண்ணிவிட்டேன் என்ற தைரியம்.

"எட்டு" என்றேன்.

அவர் சிரித்தார். "பொய் சொல்லுதீரு. எண்ணுறதுக்கு ஒமக்கு இவ்வளவு நேரம் ஆகாது."

"அந்த இடமே போயிடுத்து ஓய்."

"ம்" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எலியை அவிழ்த்து, பெட்டியையும் கயிற்றையும் கேட்டு வாங்கி, இரண்டு துளைகளிலும் நுழைத்து, மணியைக் கோத்து, எலியின் வயிற்றில் இருந்த துளையில் முடிச்சுப் போட்டார். அவர் விரல்கள் மேலாளரின் அறைக்கு வெளியே அவிழ்த்த அதே வேகத்தில் கட்டின. சாவிக்கு மகளிடம் ஓர் ஊக்கு கேட்டார்.

அவருக்கு உபயோகப்படட்டும் என்று, "மாத்திரை போட்டு வெச்சுக்கும் ஓய். அதுக்காகச் செய்ததுதான்" என்றேன்.

"எனக்கு மாத்திரை ஆறு. தட்டு நாலு. கணக்கு ஒதைக்கே. கொண்டு போம். போற வழியில அரிசி மூட்டை எதுவும் கிடந்தா பக்கத்துல வச்சிராதீரு."

இப்போது அது எங்கள் வீட்டில், அடுக்களை வாசலில் ஓர் ஆணியில் தொங்குகிறது. சாதம் வடிக்கும் ஆவி அந்தப் பக்கம் போகும். என் மனைவி போகும்போதும் வரும்போதும் ஈரக்கையால் எலியைத் தொட்டுவிட்டுப் போகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு நாரைகளை எண்ணுகிறேன். ஏழு வருகிறது. சாம்பல் நிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தால் முதல் கேள்வியே, "என்னவே, எத்தனை?" என்பதுதான்.

ஏழு என்று சொல்ல முடியவில்லை. எட்டு என்றால் நம்ப மாட்டார். "நீர் வந்து காட்டும் ஓய்" என்று ஒரு தடவை பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். பிறகு அவராகவே என் மனைவியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.